டைரக்ட்எக்ஸ் 11, டைரக்ட்எக்ஸ் 12, வல்கன்: வேலையை யார் பார்ப்பது?

ஒரு கேமின் செட்டிங்ஸைத் திறந்தால் 'டைரக்ட்எக்ஸ் 11', 'டைரக்ட்எக்ஸ் 12' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். சில கேம்களில் 'வல்கன்' என்று மூன்றாவதும் இருக்கும். எண் பெரியதாக இருக்கிறதே என்று 12-ஐ எடுத்துவிட்டு, ஆட்டம் நடுநடுவே திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். அதே கேமை 11-இல் ஓட்டினால் சீராக ஓடும். இன்னொரு கேமில் நிலைமை அப்படியே தலைகீழாக இருக்கும்.

இதற்குக் காரணம் கார்டில் இல்லை. டைரக்ட்எக்ஸ், வல்கன் போன்றவற்றுக்கு ஏபிஐ என்று பெயர்; கேம் கார்டோடு பேசும் பொதுமொழி அது. பழைய ஏபிஐக்கும் புதியதற்கும் நடுவே முதலில் மாறியது வேலைப் பங்கீடு. வேகம் அதன் பின்விளைவு. முன்பு கிராஃபிக்ஸ் டிரைவர் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளில் பெரும்பகுதி இப்போது கேமை எழுதுகிறவர் தலையில் விழுந்திருக்கிறது. அவர் நன்றாகச் செய்தால் பழையதைவிட வேகம். சுமாராகச் செய்தால் பழையதைவிட மோசம். ஸ்டட்டர் என்ற அந்தத் திக்கல், வீடியோ மெமரி (கார்டின் சொந்த மெமரி) நிரம்புவது, கேம் பட்டென்று மூடிக்கொள்வது என்று நாம் பார்க்கிற பல தொல்லைகளும் இந்தப் பங்கீட்டிலிருந்து பிறப்பவைதான்.

ஏபிஐ நடுவில் நின்று என்ன செய்கிறது

கேமால் கிராஃபிக்ஸ் கார்டோடு நேரடியாகப் பேச முடியாது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றும் தங்கள் ஜிபியுக்களை (கார்டில் படம் வரையும் மையச் சிப்) வெவ்வேறு விதமாகக் கட்டுகின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைக் கார்டுகளுக்கு நடுவிலேயே உள்கட்டளைகள் மாறிப்போகும். அதனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டளைத் தொகுப்பு தேவைப்படுகிறது. அதுதான் ஏபிஐ. கேம் அந்தப் பொதுக் கட்டளையைச் சொல்லும். டிரைவர் அதைத் தன் கார்டுக்குப் புரியும்படி மாற்றி அனுப்பும்.

இந்தக் கட்டளைகளில் முக்கியமானது டிரா கால். 'இந்த முக்கோணங்களை எடு, இந்த டெக்ஸ்சரைப் போடு, இந்த ஷேடரால் வரை' என்பது ஒரு டிரா கால். டெக்ஸ்சர் என்பது மேற்பரப்பில் ஒட்டும் படம்; ஷேடர் என்பது ஜிபியுவில் ஓடும் சிறு வரைதல் நிரல். ஒரு மரம், ஒரு கதவு, ஒரு பாத்திரத்தின் சட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இது போகும். நிழல் போடவேண்டுமானால் அதே மரத்தை ஒளியின் பார்வையிலிருந்து இன்னொருமுறை வரையவேண்டும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு ஃபிரேமுக்கு ஆயிரக்கணக்கில் போய்விடும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிவிநாடி. 144 ஃபிரேம் என்றால் 6.94 மட்டும். ஒரு டிரா காலைத் தயார்செய்ய சிபியுவுக்கு 5 மைக்ரோவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 டிரா காலுக்கு 10 மில்லிவிநாடி. 60 ஃபிரேமுக்கு இது தாங்கும்; 144-க்குத் தாங்கவே தாங்காது. ஜிபியு சும்மா உட்கார்ந்திருக்க, சிபியுவின் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கும். புதிய ஏபிஐகள் பிறந்ததே இந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓபன்ஜிஎல் 1992-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி (டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் முப்பரிமாணப் படம் வரையும் பகுதி) 1996-இல் வந்து, 2009-இல் விண்டோஸ் 7-ஓடு 11-ஆம் பதிப்பை எட்டியது. 2013-இல் ஏஎம்டி 'மேண்டில்' என்ற புதிய வகை ஏபிஐயை அறிவித்தது. டிரைவரின் வேலையைக் குறைத்து கேமிடம் கொடுக்கும் எண்ணம் பிசி உலகில் அதோடு சூடுபிடித்தது. 2014-இல் ஆப்பிளின் மெட்டல், 2015-இல் விண்டோஸ் 10-ஓடு டைரக்ட்எக்ஸ் 12, 2016 பிப்ரவரியில் குரோனோஸ் குழுமத்தின் வல்கன் என்று வரிசையாக வந்தன. வல்கனுக்கு அடித்தளமே ஏஎம்டி கொடுத்த மேண்டில்தான். ஆக, பழையவை என்றால் டைரக்ட்3டி 9, 10, 11, ஓபன்ஜிஎல். புதியவை என்றால் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன், மெட்டல்.

பழைய முறை: டிரைவர் ஊகித்துச் செய்யும்

டைரக்ட்3டி 11-இல் கேம் எழுதுகிறவர் பேசும் தோரணை இப்படி இருக்கும்: 'இந்த ஷேடரை மாட்டு. இந்த டெக்ஸ்சரை மாட்டு. கலப்பு முறையை இப்படி வை. வரை.' ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். அடுத்து என்ன வரப்போகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. 'வரை' என்ற சொல் வந்தபிறகுதான் மாட்டியதையெல்லாம் மொத்தமாகப் பார்த்து, இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, ஜிபியுவின் கட்டளையாக மாற்றவேண்டும். இந்தச் சரிபார்ப்பு ஒவ்வொரு டிரா காலுக்கும் நடக்கிறது. நேற்று ஓடிய அதே காட்சி இன்று ஓடினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. டைரக்ட்3டி 11-இல் கட்டளைகள் ஜிபியுவுக்குப் போவது 'இம்மீடியட் கான்டெக்ஸ்ட்' என்ற ஒரே வாசல் வழியாக. பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலை இழைகளில்) கட்டளைகளைப் பதிவுசெய்ய 'டெஃபர்ட் கான்டெக்ஸ்ட்' என்ற வசதி இருந்தாலும், டிரைவர் அதை முழுமையாக ஆதரிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவுசெய்ததும் கடைசியில் அந்த ஒற்றை வாசலுக்குத்தான் வந்து நிற்கவேண்டும். 8 கோர் சிபியு வாங்கியும் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் எரிந்துகொண்டிருப்பதை டாஸ்க் மேனேஜரில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்த வாசலில் நிற்கிற கூட்டம்தான்.

ஆனால் இந்த முறையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. டிரைவர் இதில் எவ்வளவு தாங்குகிறது என்பதை ஒரு சின்ன இடத்தில் உற்றுப் பார்த்தால் புரியும்.

ஒரு பாத்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்ற தகவல் கான்ஸ்டன்ட் பஃபர் என்ற சிறு மெமரித் துண்டில் இருக்கும். சிபியு ஒவ்வொரு ஃபிரேமிலும் அதில் புதிய இடத்தை எழுதும், ஜிபியு படிக்கும். சிக்கல் என்னவென்றால் ஜிபியு எப்போதும் சிபியுவுக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால்தான் ஓடுகிறது. சிபியு 10-ஆவது ஃபிரேமுக்கான இடத்தை எழுதும்போது ஜிபியு 8-ஆவது ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கலாம். ஒரே துண்டில் மேலெழுதினால் 8-ஆவது ஃபிரேமில் பாத்திரம் 10-ஆவது ஃபிரேமின் இடத்துக்குத் தாவிவிடும். டைரக்ட்3டி 11-இல் கேம் 'பழையதைத் தூக்கிப்போடு, புதிதாக எழுதுகிறேன்' என்று மட்டும் சொல்லும். டிரைவர் சத்தமில்லாமல் வேறொரு மெமரித் துண்டை எடுத்து, பழைய பெயரிலேயே நீட்டும். ஜிபியு பழைய துண்டைப் படித்து முடித்தபிறகு அதைத் திரும்ப எடுத்துவைத்துக்கொள்ளும். எழுதுகிறவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

டைரக்ட்எக்ஸ் 12-இலும் வல்கனிலும் இந்தத் துண்டுகளை கேமே வைத்துக்கொள்ளவேண்டும். டைரக்ட்எக்ஸ் 12-இல் ஒவ்வொரு கான்ஸ்டன்ட் பஃபரும் 256 பைட் எல்லையில் தொடங்கவேண்டும் என்பது விதி. 1,000 பொருள்களுக்கு ஆளுக்கு 256 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 2,56,000 பைட். மூன்று ஃபிரேம் வரிசையில் இருக்கலாம் என்றால் மூன்று மடங்கு, ஏறத்தாழ 750 கிலோபைட். இந்த இடத்தை ஒரு வளையம் போலச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவார்கள். எந்தப் பகுதியை ஜிபியு படித்து முடித்துவிட்டது என்பதை 'ஃபென்ஸ்' என்ற எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும்: ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் ஜிபியு அந்த எண்ணைக் கூட்டும், சிபியு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பழைய இடத்தில் எழுதும். இந்த ஒரு சோதனையை மறந்தால் பொருள்கள் நடுங்கும், பாத்திரங்களின் எலும்புகள் கோணலாகும். அதுவும் எப்போதும் வராது. வேகமான சிபியு இருக்கிறவர் வீட்டில் மட்டும் வரும். பிழை தேடுகிறவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

புதிய முறை: முன்கூட்டியே முழுதாகச் சொல்

புதிய ஏபிஐகளில் மூன்று பெரிய மாற்றங்கள். முதலாவது, எந்த த்ரெட்டிலும் கட்டளைப் பட்டியல் எழுதலாம். நிழலுக்கு ஒரு த்ரெட், நிலப்பரப்புக்கு ஒன்று, பாத்திரங்களுக்கு ஒன்று என்று எட்டு கோரும் ஒரே நேரத்தில் எழுதிக் கடைசியில் வரிசையாகக் கொடுக்கலாம். ஜிபியுவுக்குக் கட்டளை போகும் வரிசைகளும் ஒன்றுக்கு மேல் உண்டு. டைரக்ட்எக்ஸ் 12-இல் வரைவதற்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, நகலெடுப்பதற்கு ஒன்று என மூன்று வகை. அதனால் ஜிபியுவின் ஒரு பகுதி நிழல் வரையும்போது இன்னொரு பகுதி புகையின் அசைவைக் கணக்கிடலாம். பின்னணியில் டெக்ஸ்சரும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, பைப்லைன் பொருள். ஷேடர்கள், கலப்பு முறை, ஆழச் சோதனை, வெளியீட்டின் வடிவம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும். டிரைவர் அப்போதே சரிபார்த்து ஜிபியு மொழிக்கு மாற்றி வைத்துவிடும். ஓடும்போது 'இந்தக் கட்டை மாட்டு' என்பது ஒரே சொல். டிரா காலின் செலவு சரசரவென்று இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஸ்டட்டருக்கும் இதுவே காரணம்; அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, ஒத்திசைவும் மெமரியும் கேமின் பொறுப்பு. ஒத்திசைவு என்றால் என்ன என்பதை நிழலை வைத்தே பார்ப்போம்.

நிழல் போட, முதலில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து காட்சியை வரைந்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவு என்பதை ஒரு டெக்ஸ்சரில் எழுதுவார்கள். பிறகு உண்மையான காட்சியை வரையும்போது அந்த டெக்ஸ்சரைப் படித்து, இந்தப் புள்ளி வெளிச்சத்திலா நிழலிலா என்று முடிவுசெய்வார்கள். எழுதியது முடிவதற்குள் படிக்கத் தொடங்கினால் தப்பு. அதோடு, எழுதிய தகவல் இன்னும் கேஷில் (ஜிபியுவின் தற்காலிகச் சேமிப்பில்) தங்கியிருக்கலாம். படிக்கும் பகுதிக்குப் புரியாத சுருக்கிய வடிவத்தில் இருக்கலாம். ஆகவே நடுவில் மூன்று வேலைகள்: எழுதுவது முடியும்வரை காத்திரு, கேஷைக் காலிசெய், தேவையானால் சுருக்கத்தை விரி.

டைரக்ட்3டி 11-இல் இதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. எந்த டெக்ஸ்சர் எப்போது எழுதப்பட்டது, இப்போது எதற்கு மாட்டப்படுகிறது என்று டிரைவர் கணக்கு வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் இந்த மூன்றையும் செருகிவிடும். ஒரே டெக்ஸ்சரை எழுதவும் படிக்கவும் ஒரே நேரத்தில் மாட்டினால்கூட, படிக்கும் பக்கத்தை டைரக்ட்3டியே கழற்றிவிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் தரும். டைரக்ட்எக்ஸ் 12-இலும் வல்கனிலும் கேமே 'பேரியர்' போடவேண்டும்: 'இந்த டெக்ஸ்சர் ஆழம் எழுதும் நிலையிலிருந்து ஷேடர் படிக்கும் நிலைக்கு மாறுகிறது.' போட மறந்தால் ஒரு கார்டில் ஒன்றும் ஆகாது, இன்னொன்றில் நிழலுக்குள் கட்டம் கட்டமாகக் கறுப்புத் திட்டுகள் மினுங்கும். பயந்துகொண்டு எல்லா இடத்திலும் போட்டால் ஜிபியு ஒவ்வொரு முறையும் நின்று நின்று போகும், டைரக்ட்3டி 11-ஐவிட மெதுவாகும். ஒரே இடத்தில் பத்து பேரியர் தேவை என்றால் பத்து தடவை அழைக்காமல் ஒரே அழைப்பில் கொடுக்கவேண்டும் என்பது அனுபவம் உள்ளவர்கள் முதலில் சொல்லித்தரும் பாடம்.

ஸ்டட்டர் எங்கிருந்து வருகிறது

புதிய ஏபிஐ கேம்களைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் இது. சராசரி ஃபிரேம் 90 காட்டும். ஆனால் புதிய அறைக்குள் நுழையும்போது, முதல்முறை ஒரு வெடிப்பு நடக்கும்போது, படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். இரண்டாவது முறை அதே இடத்தில் ஒன்றும் ஆகாது.

கேம் நிறுவனம் ஷேடரை எழுதி ஓர் இடைநிலை வடிவத்துக்கு மாற்றித்தான் நமக்கு அனுப்புகிறது. டைரக்ட்எக்ஸ் 12-இல் அதற்கு டிஎக்ஸ்ஐஎல் என்று பெயர், வல்கனில் ஸ்பிர்-வி. அதை இறுதி ஜிபியு மொழிக்கு மாற்றும் வேலை நம் கணினியில்தான் நடக்கவேண்டும். ஏனென்றால் அது நம் கார்டையும் டிரைவர் பதிப்பையும் பொறுத்தது. கன்சோலில் எல்லாருக்கும் ஒரே ஜிபியு. மாற்றியதையே வட்டில் வைத்து அனுப்பிவிடலாம். பிசியில் அது முடியாது.

இப்போது கட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 50 வகை மேற்பரப்பு, 4 வகை உருவ அமைப்பு, 5 வகை வரைதல் சுற்று என்றாலே 50 × 4 × 5 = 1,000 பைப்லைன் கட்டுகள். பெரிய கேமில் இது பல்லாயிரமாகும். ஒரு கட்டை ஜிபியு மொழிக்கு மாற்ற 50 மில்லிவிநாடி ஆனது என்றால் 60 ஃபிரேம் ஓட்டத்தில் மூன்று ஃபிரேம் காணாமல் போகும். அதுதான் கண்ணில் படும் அந்த உறைதல்.

டைரக்ட்3டி 11-இலும் இந்த மாற்றம் உண்டு. ஆனால் அங்கே ஷேடர் தனித்தனியாக வருவதால், கேம் அதை ஏற்றும்போதே டிரைவர் பின்னணி த்ரெட்டில் மாற்றத் தொடங்கிவிடலாம். பல வருடங்களாக மெருகேறிய டிரைவர்கள் முதலில் அவசரமாக ஒரு சுமாரான வடிவத்தை ஓட்டவிட்டு, நன்றாகச் செதுக்கியதைப் பிறகு மாற்றிவைப்பது போன்ற வித்தைகளையெல்லாம் செய்கின்றன. புதிய முறையில் முழுக் கட்டும் தெரிந்தால்தான் வேலை தொடங்கும். எந்தக் கட்டுகள் தேவைப்படும் என்று கேம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கவேண்டும். அதைச் சரியாகச் செய்கிற கேம்கள்தான் முதன்முறை திறக்கும்போது 'ஷேடர்கள் தயாராகின்றன' என்று சில நிமிடம் காக்கவைக்கின்றன. எரிச்சலாக இருந்தாலும் அந்தத் திரையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கே சேமிக்கும் ஐந்து நிமிடத்தை ஆட்டத்தின் நடுவில் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுக்கவேண்டிவரும்.

டிரைவரைப் புதுப்பித்தால் பழைய ஷேடர் கேஷ் (ஏற்கெனவே மாற்றிவைத்த ஷேடர்களின் சேமிப்பு) செல்லாமல் போகும். எல்லாம் மறுபடி மாற்றப்படும். புதிய டிரைவர் போட்ட அன்று 'இது மோசம்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் பலர் உண்மையில் பார்த்தது காலியான கேஷைத்தான். வல்கன் பக்கத்தில் 2022-இல் வந்த 'கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி' என்ற நீட்சி, கட்டைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே மாற்றிவைத்து, தேவைப்படும்போது விரைவாக இணைக்க வழிசெய்தது. அதாவது பழைய முறையின் நல்ல அம்சம் ஒன்றைப் புதியதற்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மெமரி நிரம்பும்போது

டைரக்ட்3டி 11-இல் வீடியோ மெமரி போதாவிட்டால் எதை வைத்துக்கொள்வது, எதை சிஸ்டம் ரேமுக்கு அனுப்புவது என்பதை டிரைவரும் விண்டோஸும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். புதிய முறையில் கேம் 'எனக்கு இப்போது எவ்வளவு ஒதுக்கீடு' என்று அடிக்கடி கேட்டு, அதற்குள் அடங்கவேண்டும். பின்னணியில் பிரவுசர் திறந்திருந்தால் அந்த ஒதுக்கீடு குறையும். கேட்காமல் ஏற்றிக்கொண்டே போனால் சில டெக்ஸ்சர்கள் சிஸ்டம் ரேமில் போய் உட்காரும். கார்டின் சொந்த மெமரி விநாடிக்குச் சில நூறு ஜிகாபைட் தரும். கார்டைச் செருகும் 16 லேன் பிசிஐஇ 4.0 ஸ்லாட் தருவது விநாடிக்கு ஏறத்தாழ 32 மட்டும். அந்த டெக்ஸ்சரைத் தொடும்போதெல்லாம் ஃபிரேம் சரியும். 11-இல் ஓடிய அதே டெக்ஸ்சர் அளவு 12-இல் 6 ஜிபி கார்டில் இடறினால், முதலில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப்பாருங்கள். மற்ற செட்டிங்ஸை அதுவரை தொடவேண்டாம்.

எழுதுகிறவர் பக்கத்தில் இன்னொரு விதி உண்டு. வல்கனில் மெமரியைத் தனித்தனியாக ஒதுக்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. டிரைவர்கள் குறைந்தது 4,096 தரவேண்டும் என்பது மட்டும்தான் உறுதி. டெக்ஸ்சருக்கு ஒன்று என்று கேட்டால் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். பெரிய பாளமாக வாங்கி உள்ளே கூறுபோட்டுக்கொள்ளவேண்டும். இதற்கு ஏஎம்டி தரும் இலவச வல்கன் மெமரி அலோகேட்டர் நூலகத்தையே பலரும் பயன்படுத்துகிறார்கள். சொந்தமாக எழுத முனைவதில் லாபம் இல்லை.

'டிவைஸ் ரிமூவ்ட்' என்ற செய்தியோடு கேம் மூடிக்கொள்வதும் இதே குடும்பத்துத் தொல்லை. ஜிபியு 2 விநாடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்துவிடும் என்பது இயல்பான அமைப்பு. பழைய முறையில் கேம் தவறான கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் நடுவிலேயே மறிக்கப்படும். புதிய முறையில் மறிப்பதற்கு அங்கே யாரும் நிற்பதில்லை; தவறு நேரே ஜிபியு வரை போய் அதைத் தொங்கவிடுகிறது. அதேசமயம் ஓவர்கிளாக், சூடு, பவர் சப்ளை கோளாறு ஆகியவையும் இதே செய்தியைத்தான் தரும். எல்லா டைரக்ட்எக்ஸ் 12 கேமிலும் வந்தால் கார்டைச் சந்தேகியுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தக் கேமைச் சந்தேகியுங்கள்.

பழையது ஏன் சிலசமயம் ஜெயிக்கிறது

டைரக்ட்3டி 11-க்காகவே கட்டிய ஒரு கேம் இன்ஜினின் மேல் பிற்பாடு 12-ஐ ஒட்டவைத்தால் என்ன ஆகும்? இன்ஜின் இன்னமும் 'மாட்டு, மாட்டு, வரை' என்றே பேசும். நடுவில் ஒரு அடுக்கு அந்தப் பேச்சைக் கேட்டு, பைப்லைன் கட்டைத் தேடி, பேரியரை ஊகித்துச் செருகவேண்டும். அதாவது டிரைவர் செய்த அதே ஊகவேலையை இப்போது இன்ஜின் செய்கிறது. டிரைவர் எழுதுகிறவர்களுக்குத் தங்கள் ஜிபியுவின் உட்புறம் முழுவதும் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் அதைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்ஜின்காரருக்கு அந்த உள்விவரம் கிடையாது. இந்தப் போட்டியில் 11 ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இந்தச் சாதகம் டிரைவரின் முதிர்ச்சியைப் பொறுத்தது. 2022-இல் இன்டெல் தன் ஆர்க் கார்டுகளை வெளியிட்டபோது டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் நன்றாக ஓடின. டைரக்ட்3டி 9 காலத்து கேம்களில் தடுமாறின. பழைய ஏபிஐக்கு டிரைவரில் பல வருட உழைப்பு தேவைப்படுகிறது. புதியதில் டிரைவரின் பங்கே குறைவு. பின்னால் வந்த டிரைவர்களில்தான் அந்த இடைவெளி குறைந்தது.

லினக்ஸில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் 2018-இல் கொண்டுவந்த, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானுக்குள் டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு இருக்கிறது. அது டைரக்ட்3டி 9, 10, 11 கட்டளைகளை வல்கனாக மாற்றுகிறது. லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் கைக்கணினியில் விண்டோஸ் கேம்கள் ஓடுவது இதனால்தான். வல்கன் எதையும் மறைக்காமல் ஜிபியுவைத் திறந்துவிடுவதால் அதன்மேல் இன்னொரு ஏபிஐயையே கட்டமுடிகிறது. விண்டோஸில்கூட, சில பழைய கேம்களின் கோப்புறையில் டிஎக்ஸ்விகே கோப்புகளைப் போட்டு ஸ்டட்டரைக் குறைக்கிறவர்கள் உண்டு. ஆன்லைன் போட்டி கேம்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இதை ஊடுருவலாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவது), மெஷ் ஷேடர் போன்ற புதிய வசதிகள் வேண்டுமானால் பேச்சுக்கே இடமில்லை. அவை டைரக்ட்எக்ஸ் 12-இலும் வல்கனிலும் உண்டு, 11-இல் கிடையாது. ஆனால் கார்டின் பெட்டியில் 'டைரக்ட்எக்ஸ் 12' என்று இருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த ஏபிஐ, 11_0 என்ற அம்ச நிலை (கார்டு எந்தெந்த வசதிகளைத் தருகிறது என்பதன் அளவு) கொண்ட பழைய கார்டிலும் ஓடும். ரே டிரேசிங் உட்பட எல்லாமே வேண்டும் என்றால் 12_2 அம்ச நிலை தேவை. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, dxdiag என்று தட்டி டிஎக்ஸ்டயாக் கருவியைத் திறந்து, டிஸ்ப்ளே பகுதியில் 'ஃபீச்சர் லெவல்ஸ்' வரியைப் பாருங்கள். உண்மை அங்கே இருக்கும்.

மற்றபடி அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. அளக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வி-சிங்கையும் (திரையின் வேகத்தோடு ஃபிரேமைப் பூட்டும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். ஏபிஐயை மாற்றியதும் கேமை முழுவதும் மூடித் திறங்கள். கூட்டமும் கட்டிடமும் நிறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒரே பாதையில் ஒரு நிமிடம் நடங்கள். முதல் சுற்றின் எண்களைத் தூக்கிப்போடுங்கள். அது கேஷ் நிரம்பும் சுற்று. இரண்டாவது, மூன்றாவது சுற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். சராசரியைவிட 1 சதவீதத் தாழ்நிலை எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) ஃபிரேம் நேர வரைபடத்தையும் பாருங்கள். 100 சராசரியில் முள்முள்ளாக எகிறும் வரைபடத்தைவிட, 85 சராசரியில் தட்டையாகப் போகும் வரைபடம் விளையாடக் கண்ணுக்கு நல்லது.

ஜிபியு பயன்பாடு தொடர்ந்து 97, 98 என்று நின்றால் முட்டுக்கட்டை ஜிபியுதான்; ஏபிஐயை மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 60, 70-இல் தொங்கினால் பெரும்பாலும் சிபியுதான் தடுக்கிறது. புதிய ஏபிஐ கைகொடுக்கக்கூடிய இடம் அது. உறுதிசெய்ய ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள். ஃபிரேம் ஏறவில்லை என்றால் சிபியுதான்.

எழுதிப் பழக விரும்புகிறவர்களுக்கு

வல்கனில் ஒரே ஒரு முக்கோணம் வரைய ஏறத்தாழ ஆயிரம் வரி எழுதவேண்டும். ஓபன்ஜிஎல்லில் நூறு வரி போதும். இதைக் கேட்டுப் பயந்து ஓடவும் வேண்டாம், வீம்புக்கு வல்கனிலேயே தொடங்கவும் வேண்டாம். ஓபன்ஜிஎல் 3.3-இலோ டைரக்ட்3டி 11-இலோ நிழலும் ஒளியும் உள்ள ஒரு சின்னக் காட்சியை முடித்துவிட்டு வாருங்கள். கேமரா கணிதம், ஷேடர், டெக்ஸ்சர் எல்லாம் எங்கும் ஒன்றுதான். அதை ஒருமுறை கற்றபிறகு பேரியரோடும் ஃபென்ஸோடும் மல்லுக்கட்டுவது எளிது.

வல்கனுக்கு வரும்போது 1.3 பதிப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் டைனமிக் ரெண்டரிங் உண்டு. பழைய பாடங்களில் பக்கம் பக்கமாக வரும் ரெண்டர் பாஸ் சடங்குகள் தேவைப்படாது. வேலிடேஷன் லேயரை முதல் நாளே இயக்குங்கள். வல்கன் டிரைவர் தானாக எதையும் சரிபார்க்காது. அந்த லேயர் இல்லாமல் எழுதினால், தவறு எங்கே என்று தெரியாமல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். அதிலேயே ஒத்திசைவுச் சோதனை என்று தனி விருப்பம் உண்டு. விட்டுப்போன பேரியரைப் பெயர்சொல்லிக் காட்டும். கூடவே ரெண்டர்டாக் கருவியை நிறுவிக்கொண்டால் ஒரு ஃபிரேமைப் பிடித்து ஒவ்வொரு டிரா காலாக நகர்த்திப் பார்க்கலாம்.

ஓபன்ஜிஎல்லிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் படம் தலைகீழாகத்தான் தெரியும். வல்கனில் திரையின் ஒய் அச்சு கீழ்நோக்கிப் போகிறது. ஆழத்தின் எல்லையும் -1 முதல் 1 வரை என்பதற்குப் பதிலாக 0 முதல் 1 வரை. புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸில் இந்த இரண்டையும் மாற்றிவிட்டு, முன்பக்க முக்கோணத்தின் சுற்றுத் திசையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது மாறிப்போனால் பொருளின் உட்பக்கம் மட்டும் தெரியும்.